முதல் பாகம் மட்டும் படித்த புரட்சிக்காரர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த புரட்சிகள் எல்லாம் கவிழ்ந்துபோனதற்கு ஒரே காரணம், பல்தாசாரே குசிமானோ அப்போது பிறந்திருக்கவில்லை என்பதுதான். பிறந்திருந்தால், பாரிஸ் ராஜா காலையில் எழுந்து கிரீடத்தைத் தானே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பின்வாசல் வழியாகப் போயிருப்பார். வியன்னாவில் மந்திரிகள் வரிசையில் நின்று, நெருக்கித் தள்ளாமல், ராஜினாமா கொடுத்திருப்பார்கள். எங்கள் பலெர்மோவிலோ கேட்கவே வேண்டாம். எத்னா எரிமலைகூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் புகை விட்டிருக்கும். கடவுள் ஏதோ ஞாபக மறதியில் அவரை நூற்றைம்பது வருஷம் தாமதமாக அனுப்பிவிட்டார். அதுவும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு.

எழுதுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் தனினோ, வயது பதினாறு. பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். அப்பா பல்லரோ சந்தையில் கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, மெல்லிசாக அறுத்து எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து விற்கிறார். பனெல்லே. அது இல்லாத வீடு எங்கள் சந்தில் கிடையாது. எனக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் வேண்டும். அதற்காக பல்தாசாரே மாமாவிடம் சேர்ந்தேன். இரண்டு தடவை பரீட்சையில் தோற்றேன். முக்கோணப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பாரிஸில் எந்த மாசத்தில் ராஜா ஓடினான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பிப்ரவரி.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோடையிலும் டை. வழுக்கைத் தலைக்குக் குறுக்கே நாலு மயிரை இழுத்து ஒட்டவைத்திருப்பார். காற்றடித்தால் அவையும் புரட்சி செய்யும். அவருடைய சின்னக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் தப்புச் செய்தால் மிதிப்பதற்கு. ஆனால் அவர் அதை மிதிப்பது கதையின் முக்கியமான கட்டம் வரும்போதுதான்.

ஒரு நாள் நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கில் சிஸ்டர் கிளியோஃபே. மடத்துக்கு ஒரு வேன் வந்திருக்கிறது, ஓட்ட ஆளில்லை, அதனால் அறுபது வயதில் கற்றுக்கொள்கிறார்.

"கிளட்சை மெதுவா விடுங்க சிஸ்டர். ஆங், அப்படித்தான். ஜனங்க அரண்மனைக்குள்ள புகுந்துட்டாங்க. ராஜா இல்ல, ஓடிட்டான். கண்ணாடியப் பாருங்க. நேரா சிம்மாசனம் இருந்த இடத்துக்குப் போறாங்க. ரெண்டாவது கியர். தூக்குறாங்க சிஸ்டர்! சிம்மாசனத்தையே தூக்கி..."

சடக்! பிரேக். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் எங்கள் மேல் இடிக்காமல் தப்பி, மாமாவின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தான்.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தூக்கி?"

"ஊர்வலமா எடுத்துட்டுப் போயி கொளுத்திட்டாங்க!"

"அய்யோ, நல்ல மரமா இருந்திருக்குமே" என்றார் சிஸ்டர்.

இந்த வியாதி மாமாவுக்கு ஒரு புத்தகத்தால் வந்தது. புத்தகம் குப்பையிலிருந்து வந்தது. குப்பையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் சந்துக்குள்ளும் யாரும் போக முடியாது.

சந்தின் வாயில் ஒரு குவியல். யாரோ ஒருத்தர் ஒரு ராத்திரி ஒரு மெத்தையைப் போட்டார். மெத்தை தனியாகக் கிடக்கிறதே என்று மறுநாள் ஒரு சோபா வந்தது. பிறகு ஃபிரிட்ஜ், கழிப்பறைப் பீங்கான், கதவு, கால் உடைந்த கட்டில். எங்கள் ஊரில் யாரும் குப்பை போடுவதில்லை. யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள். குப்பை தானாக நடந்து வரும். மாநகராட்சி லாரிக்குச் சொல்லியாயிற்று. வட்டாரக் கவுன்சிலருக்கும் சொல்லியாயிற்று. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அடுத்தவாரம். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அம்மா அவரை நேரில் பார்த்தபோது "வணக்கம் அடுத்தவாரம் சார்" என்றே சொல்லிவிட்டாள். அவரும் வணக்கம் சொன்னார்.

அந்தக் குவியலிலிருந்துதான் மாமா ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பொறுக்கினார். தங்க எழுத்து. ஐரோப்பியப் புரட்சிகள், முதல் பாகம். தடியான புத்தகம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாம் வருஷ வசந்த காலத்தோடு அது முடிகிறது. பாரிஸில் ராஜா ஓடிவிட்டான். வியன்னாவில் பழைய மந்திரி ஓடிவிட்டான். மிலான்காரர்கள் ஐந்தே நாளில் ஆஸ்திரியப் பட்டாளத்தை விரட்டிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு படம்: எல்லா ஊர்க் கொடியும், எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவ்வளவுதான். மாமாவைப் பொறுத்தவரை ஐரோப்பா அதற்குப் பிறகு சௌக்கியமாக இருந்தது.

இரண்டாம் பாகம் யாரிடம் இருந்தது தெரியுமா? சந்து முனை மருந்துக்கடை டாக்டர் ஸ்பதாரோவிடம். கண்ணாடி அலமாரியில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில், அதே சிவப்பு, அதே தங்க எழுத்து. மாமா மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் டாக்டர் ஆரம்பிப்பார்.

"என்ன பல்தாசாரே, மிலான் என்ன ஆச்சுன்னு சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டர்! சொல்லாதீங்க!" மாமா இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

"ஹங்கேரி?"

"மாத்திரையைக் குடுங்க, நான் போறேன்!"

மாமா எல்லாவற்றையும் விட மேலாகக் கொண்டாடியது எங்கள் ஊர்ப் புரட்சியைத்தான். அந்த வருஷம் முதன்முதலில் வெடித்ததே இங்கேதான். அதுவும் சுவரில் போஸ்டர் ஒட்டி, நாள் குறித்து: ஜனவரி பன்னிரண்டு, ராஜாவின் பிறந்தநாள்.

"உலகத்துலயே முன்கூட்டியே சொல்லிட்டு நடந்த புரட்சிடா தனினோ! பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வராத ஊர்ல! விடிஞ்சதும் ஜனங்க வெளிய வந்தாங்க. எதுக்கு? மத்தவன் வந்திருக்கானான்னு பாக்க. மத்தவனும் அதுக்குத்தான் வந்தான். பாத்தா, எல்லாரும் வந்திருக்காங்க! இன்னிக்கு நமக்கு என்ன கொறைச்சல்? வந்து பாக்குற பழக்கம் போயிடுச்சு. ஜன்னல் வழியாப் பாக்குறோம். போன்ல பாக்குறோம். அடுத்தவாரத்துக்கு அதான் பலம்." பிறகு குவியலைக் காட்டுவார். "பாரிஸ்காரன் ராத்திரியெல்லாம் முழிச்சு, நாற்காலி, மெத்தை, வண்டி எல்லாம் போட்டுத் தெருவ அடைச்சான். நம்ம தெரு தயாரா அடைஞ்சு கெடக்கு. புரட்சி மட்டுந்தான் பாக்கி."

அந்தப் புரட்சி வெடித்த சதுக்கத்தில் இப்போது பீர் விற்கிறார்கள். அதை அவரிடம் சொன்னேன். "கூட்டம் கூடுற பழக்கமாவது இருக்கே" என்றார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாதது நின்ஃபா அத்தை. மாமாவின் மனைவி. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிப்போகிறது, ரத்தம் சுத்தம் செய்ய. முன்பு வண்டி வாசலில் நிற்கும். குவியல் வந்தபிறகு சந்து முனையில்தான் நிற்கும். அதனால் மாமாவும் மீன்கார விதோவும் அத்தையைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாகத் தூக்கிப்போவார்கள். முதல் நாள் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சந்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பால்கனியிலிருந்து கத்தினேன்: "புனித நின்ஃபா வாழ்க!"

உற்சவத்தில் சாமியைத் தூக்கிவரும்போது போடுகிற அதே கத்தல். பிறகு எதிர்வீட்டில் ஒருத்தி "வாழ்க!" என்றாள். அப்புறம் சந்தே கத்தியது. அத்தை ஒரு கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாள். "ஏலே விதோ, ஆடாம தூக்கு. சாமி கீழ விழுந்தா ஊருக்கு ஆகாது."

மழை பெய்தால் அந்த இடுக்கு வழுக்கும். டிசம்பரில் ஒரு தடவை மாமா சறுக்கினார். நாற்காலி சாய்ந்தது, அத்தை விழவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் வாழ்க சொல்லவில்லை.

ஜனவரியில், ஒரு காலையில், சந்து முழுக்க போஸ்டர். யார் ஒட்டினார்களோ, அந்த விசாரணைக்குள் நான் போகவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்:

ஜனவரி பன்னிரண்டு, விடிந்ததும், குவியலுக்கு முன்னால் புரட்சி தொடங்கும். தாமதிப்பவர்களுக்காகக் காத்திருக்கப்படமாட்டாது. கையுறை கொண்டுவரவும்.

மறுநாள் ஒரு போஸ்டரில் 'புரட்சி' இருந்த இடத்தைப் பூனை நக்கித் தின்றிருந்தது. 'தொடங்கும்' மட்டும் மிச்சம்.

சந்தில் எல்லாரும் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். விதோ மீன் கத்தியைத் தூக்கி சலாம் வைத்தான். மாமா முதலில் வெளுத்தார், பிறகு சிவந்தார், பிறகு டையைச் சரிசெய்தார். நான்தான் என்றும் சொல்லவில்லை, நான் இல்லை என்றும் சொல்லவில்லை.

"யோவ் பல்தாசாரே, நீயா ஒட்டினே?" என்று அத்தை கேட்டாள்.

"வரலாறு ஒட்டிச்சு" என்றார்.

"வரலாறுக்கு ஏணி குடுத்தது யாரு?"

டாக்டர் ஸ்பதாரோ மருந்துக்கடை வாசலில் நின்று சிரித்தார். "இந்தக் காலத்துல புரட்சியா? பத்துப் பேர் போன்ல கட்டைவிரல் காட்டுவான். பதினோராவது ஆள் நீதான், பல்தாசாரே. டை கட்டிக்கிட்டு தனியா நிக்கப்போறே."

பதினோராம் தேதி மத்தியானம் அத்தைக்குப் பனெல்லே கொண்டுபோனேன். அவளுக்கு உப்பில்லாமல் அப்பா தனியாகப் பொரிப்பார். மாமா குளியலறையில் கண்ணாடியைப் பார்த்து "குடிமக்களே!" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"எவனும் வரப்போறதில்ல, தனினோ."

"வருவாங்க அத்தை."

"உனக்கு இந்தச் சந்து தெரியாதா? இவன் போயி தனியா நிப்பான். எல்லாரும் ஜன்னல் இடுக்கு வழியாப் பாப்பாங்க. அதுக்கப்புறம் இவன் என்னைத் தூக்கிக்கிட்டு அவங்க முன்னால நடக்கணும், வாரத்துக்கு மூணு தடவை. புரட்சி தோத்தா நான் தாங்குவேன். இவன் தலையத் தொங்கப்போட்டா நாற்காலி சாஞ்சிரும்டா."

குளியலறையிலிருந்து "குடிமக்களே! இல்ல... பெரியோர்களே!" என்று கேட்டது.

பனெல்லே தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று சாயந்தரம் நான் எங்கே போனேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பன்னிரண்டாம் தேதி. குளிர். மாமா வீட்டுக் கதவு இன்னும் சாத்தியிருந்தது. முதலில் வந்தவன் விதோ. குவியலைச் சுற்றிப் பார்த்தான். பிறகு எதிர்வீட்டுக்காரி, ராத்திரி உடைக்கு மேலே ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு.

"ஆரம்பிச்சிருச்சா?"

"தெரியல. நான் சும்மா பாக்க வந்தேன்."

"நானும்தான். ரொட்டி வாங்கப் போறவழியில."

"ரொட்டிக்கடை அந்தப் பக்கம்ல இருக்கு?"

"நடந்தா ஒடம்புக்கு நல்லது."

சிஸ்டர் கிளியோஃபே ரப்பர் கையுறையோடு வந்தார். இன்னொரு சிஸ்டரும் வந்தார், அவரைத் தனியாக விடக்கூடாது என்று. என் அப்பா எண்ணெய்ச் சட்டியையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டம் இருக்கும் இடத்தில் அவருக்கு வேறு கொள்கை கிடையாது. கொஞ்ச நேரத்தில் சந்து நிரம்பியது. எல்லாரும் பார்க்க வந்தவர்கள். புரட்சி செய்ய வந்தவர் ஒருவரும் இல்லை.

மேலே நின்ஃபா அத்தையின் குரல்: "பல்தாசாரே! உன் புரட்சி வாசல்ல நிக்குது. பேன்ட்டப் போட்டுக்கிட்டுப் போ!"

மாமா வந்தார். கூட்டத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தார். நாலு மயிரும் எழுந்து நின்றன. "குடி... பெரியோர்... எல்லாரும் வந்துட்டீங்களா?" என்றார். அதுதான் உரை.

அப்போது டாக்டர் ஸ்பதாரோ முன்னால் வந்தார். கையில் இரண்டாம் பாகம்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" மாமா காதைப் பொத்தப் போனார். டாக்டர் விடவில்லை. புத்தகத்தைப் பிரித்தார். "பாரிஸ்ல ராஜா போனான், சக்கரவர்த்தி வந்தான். வியன்னாவுல பீரங்கி வெச்சு அடக்கினாங்க."

"மிலான்?" என்று கேட்டார் மாமா. கை தானாகக் காதிலிருந்து இறங்கிவிட்டது.

"ஆகஸ்டுலயே பட்டாளம் திரும்பி வந்திருச்சு."

"மிலானுமா?" சொந்தக்காரர் செத்த செய்தி கேட்கிற மாதிரி இருந்தது. "வெனிஸ்?"

"பட்டினி போட்டுப் பிடிச்சாங்க. நம்ம பலெர்மோ பதினாறு மாசம். அப்புறம் ராஜாவோட படை உள்ள வந்திருச்சு. அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் நகர ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரி உண்மையாகவே ரொட்டிக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்!" மேலே பால்கனியில் அத்தை, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "பதினாறு மாசமா நின்னுச்சு?"

"ஆமா, பதினாறே மாசம்தான்."

"எனக்கு அவ்வளவெல்லாம் வேணாம். ஏழு மணி வண்டி உள்ள வந்து வெளிய போற வரைக்கும் நின்னா போதும்!"

யாரோ சிரித்தார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போட்டதும் டாக்டர் கையிலிருந்த புத்தகம் அவர் கண்ணில் தெளிவாகப் பட்டது போல.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? அதே சிவப்பு, அதே தங்க எழுத்து. ரெண்டாம் பாகம் உங்க அலமாரில. முதல் பாகம் எப்படி இந்தக் குவியலுக்கு வந்துச்சு?"

டாக்டர் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். "என் பொண்டாட்டி வீட்ட ஒழிச்சா..." என்றார். அதற்குமேல் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஆறு மாசமாகத் தன் புத்தகத்தைத் திருப்பிக் கேட்க முடியாமல் பாவம் மனுஷன் தவித்திருக்கிறார். கேட்டால் குப்பை போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டுமே.

"சிரிக்காதே விதோ, அந்த ஃபிரிட்ஜ் யாரோடது? இன்னும் மத்தி மீன் நாத்தம் அடிக்குது!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"உங்க மாமியார் சோபாவ விடவா?" என்றான் விதோ.

ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்துக்கொண்டே இழுக்க ஆரம்பித்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் எப்போது தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிஸ்டர் கழிப்பறைப் பீங்கானைத் தனியாகத் தூக்கினார். எங்கே போடுவது என்ற கேள்விக்குப் பத்துக் குரல் ஒன்றாகப் பதில் சொன்னது: அடுத்தவாரத்தின் அலுவலக வாசலில். சந்தையின் தள்ளுவண்டிகள் வந்தன. சோபா, ஃபிரிட்ஜ், கட்டில், எல்லாம் ஊர்வலமாகப் போயின.

கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மெத்தை. பெரிய, இரட்டை மெத்தை, நீலக் கோடு போட்டது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன் மேலிருந்து பதில் வந்துவிட்டது.

"பல்தாசாரே. அது நம்ம மெத்தை."

மாமா தரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் அத்தைக்கு வந்த ராத்திரி, இரட்டை மெத்தை வீட்டில் நிற்க இடமில்லை. இடம் மட்டுமா இல்லை? பார்க்கவும் முடியவில்லை என்று பிறகு விதோவிடம் சொன்னாராம். யாரும் பார்க்காத நேரத்தில் கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறார். குவியலின் முதல் மெத்தை.

சந்தே அவரைப் பார்த்தது. டாக்டர் ஸ்பதாரோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

அத்தைதான் சொன்னாள்: "தலைவரே, கோட்டைக்கு அஸ்திவாரமே நீங்கதானா! மேல கொண்டா அதை. வெயில்ல போட்டா சரியாயிடும்."

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி சந்துக்குள் வந்தது, நேராக வாசல் வரை. டிரைவர் தப்பான சந்துக்கு வந்துவிட்டோமோ என்று இறங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு நகரவில்லை.

"நாற்காலி எங்க?"

"வண்டிதான் வாசல்லயே நிக்குதே, நின்ஃபா" என்றார் மாமா.

"நின்னா? எனக்கு யாரு வாழ்க போடுவா? கடைசியா ஒரு தடவை தூக்குங்கடா."

மூன்றே அடி தூரம். நாற்காலியில் தூக்கினார்கள். அன்றைக்கு நாங்கள் போட்ட கத்தலுக்கு மணிக்கூண்டுப் புறாக்களெல்லாம் பறந்தன.

மாதக்கணக்கில் வராத மாநகராட்சி லாரி, கவுன்சிலர் வாசலுக்கு அன்று காலையே வந்துவிட்டது. அடுத்தவாரம் ரொம்ப அவசரப்பட்டிருக்கிறார். சந்து இன்னும் காலியாக இருக்கிறது. நேற்று ஒரு உடைந்த விசிறியைப் பார்த்தேன். பதினாறு மாசம் தாங்குமா தெரியாது. முதல் பாகத்தை மாமா டாக்டரிடம் கொடுத்துவிட்டார். டாக்டர் இரண்டாம் பாகத்தை இவரிடம் கொடுத்தார். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் படிக்கிறார், முடிவு வந்துவிடக் கூடாதென்று.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுதி, நிறுத்திவைத்திருந்த காரில் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்துப் படித்தார். எத்னா வந்தபோது "கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. பிறகு இரண்டு இடத்தில் விரலை வைத்தார்.

"'பூனை நக்கித் தின்றிருந்தது.' ஏன்டா, எந்த ஊர்ப் பூனைடா பசையைத் தின்னும்? கடலை மாவுப் பசை. மொத நாளே மோந்து பாத்துட்டேன். சந்து முழுக்க உங்கப்பன் கடை வாசனை."

நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன்.

"அத விடு. 'அன்று சாயந்தரம் நான் எங்கே போனேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.' ஏன் தேவையில்ல? விதோ சொன்னான். சிஸ்டர் சொன்னாங்க. டாக்டர் வீட்டுக்கும் போயிருக்கே. ஒவ்வொரு கதவையும் தட்டி, 'சந்துல எல்லாரும் வர்றாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி'ன்னு சொல்லியிருக்கே. சொன்னப்போ ஒருத்தனும் வர்றதா இல்ல."

"மாமா, நேரமாச்சு, நான் போகணும்..." கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன்.

ஓடாத காரில் தன் பக்கத்துப் பிரேக்கை அவர் ஓங்கி மிதித்தார்.

"உக்காரு. அதையும் எழுதிட்டுப் போ."